பல் மருத்துவரும் பட்டாசுக்காரியும்

‘ஹோம்டவுன் சா-சா-சா’ என்ற கொரியத் தொடரின் பதினாறு பகுதிகளையும் பார்த்து முடித்தபோது எனக்கு ‘பூ’ படத்து மாரியின் நினைவுதான் வந்தது. தொடர் 2021இல் வந்தது, சிரித்துக்கொண்டே பார்க்கலாம். கரிசல்காட்டு எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதையை வைத்து இயக்குநர் சசி 2008இல் எடுத்த ‘பூ’வை அப்படிப் பார்க்க முடியாது. ஆனால் இரண்டிலும் காதலுக்குக் குறுக்கே நிற்பது ஆளுக்கொரு தொழில்.

தேவையில்லாத சிகிச்சையை நோயாளிகள் தலையில் கட்டுவது பொறுக்காமல் சியோல் வேலையை உதறிய பல் மருத்துவர் ஹே-ஜின், கோங்ஜின் என்ற கற்பனைக் கடலோர ஊரில் கிளினிக் திறக்கிறாள். அங்கே எந்த வேலைக்கும் கூப்பிட்டால் வருபவன் டு-சிக். கூலி மணிக்கு 8,720 வொன். அந்த ஆண்டு கொரிய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி அதுதான். ஊரைப் பற்றி அவள் புலம்பியது மைக் வழியாக ஊருக்கே கேட்டுவிடும் இடம் அருமை. ஆனால் டு-சிக் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன் என்று தெரியவரும்போது, தொடர் கொஞ்சம் தப்பித்துக்கொள்கிறது என்பேன். கைவேலை அவன் விரும்பி எடுத்துக்கொண்டது. நாளைக்கே விட்டுவிடவும் அவனால் முடியும்.

மாரிக்கு அந்த வசதி இல்லை. அவள் ஊர் இருக்கும் கரிசல் மானாவாரி பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. பயிரைக் கருக்கும் அதே வெயில்தான் தீக்குச்சியையும் பட்டாசையும் காயவைக்கிறது. அதனால்தான் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ்களும் சிவகாசியில் பட்டாசு ஆலைகளும் பெருகின. காட்டு வேலை இல்லாத பெண்கள் அங்கே போனார்கள். மாரியும் பட்டாசு வேலைக்குப் போகிறவள். அவள் உயிராய் நினைக்கும் தங்கராசு சென்னையில் பொறியியல் படிக்கிறான். பெரிய ஆளானால் என்ன ஆகப்போகிறாய் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோதே, தங்கராசுவுக்குப் பெண்டாட்டி ஆவேன் என்றவள் அவள். அந்தப் பதிலைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அந்த ஊரில் ஒரு பெண்பிள்ளை ஆசைப்படுவதற்கு வேறு என்ன இருந்தது என்பதும் அதிலேயே இருக்கிறது. கடைசியில் அவனுக்கு வசதியான வீட்டுப் பெண் வாய்க்கிறாள். மாரி ஒரு கடைக்காரரைக் கட்டிக்கொள்கிறாள். பிறகும் அவன் நன்றாக இருக்கிறானா என்று பார்க்க வெயிலில் நடந்து போகிறாள். அவன் சந்தோஷமாக இல்லை என்று தெரிந்ததும் அழுகிறாள். தன்னை விட்டுப் போனவனுக்காக இப்படி அழும் மனசு ஹே-ஜினுக்கும் டு-சிக்குக்கும் எழுதப்படவில்லை. காதலின் ஆழத்தில் ‘பூ’தான் மேல்.

ஆனாலும் கொரியத் தொடரின் சிரிப்பு நமக்கும் வேண்டும். இன்று கோவில்பட்டியில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. கரிசல் பெண்கள் நர்ஸாகவும் டீச்சராகவும் பஸ் ஏறுகிறார்கள். அவர்களில் ஒருத்தி கடலைமிட்டாய் போடுகிறவனையோ லாரி ஓட்டுகிறவனையோ விரும்பி, சண்டை போட்டு, சிரித்து, கல்யாணமும் கட்டிக்கொள்ளும் கதையைக் கரிசல் எழுத்தாளர்கள் எழுத வேண்டும்.