வெயிலைத் தேடிய கல்வீடுகள்

மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் கொடைக்கானல் கேரட்டுக்கு எப்போதும் மவுசு உண்டு. அந்த மலையில் சீமைக் காய்கறிகள் வேர் பிடித்ததில் மதுரை கலெக்டர் ஒருவருக்கும் பங்கிருக்கிறது. அங்குள்ள பழைய கல்வீடுகளின் கதையும் மதுரையில்தான் தொடங்குகிறது.

1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகளைக் காலராவும் காய்ச்சலும் வாட்டி எடுத்தன. முதலில் சிறுமலைக்கு ஏறிப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. பிறகுதான் பழனிமலை. 1845-இல் அங்கே கொடைக்கானலில் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்று இரண்டு பங்களாக்கள் எழும்பின.

சமவெளியில் வீடு கட்டுவதென்றால் வெயிலுக்கு ஒளிந்துகொள்வது. மாட்டுத்தாவணியிலிருந்து ஊருக்குள் வரும் வழியில் இருக்கும் தமுக்கத்தைப் பார்த்தாலே தெரியும். நாயக்கர் காலத்து மாளிகை அது. தடித்த சுவர், வளைவுகள், நிழல். வெள்ளைக்கார அதிகாரிகளும் அதில் சுகமாகவே குடியிருந்தார்கள். 1959 முதல் காந்தி அருங்காட்சியகம்.

மலையில் கணக்கு தலைகீழ். அங்கே வெயிலை வீட்டுக்குள் அழைக்க வேண்டும். சுவரைத் தாண்டிப் புடைத்து நிற்கும் கண்ணாடி ஜன்னல்கள் அதற்குத்தான். மழை வழிந்தோடச் செங்குத்தான கூரை. அறையில் கணப்பு, கூரைக்கு மேல் புகைபோக்கி. கல்லுக்குப் பஞ்சமில்லை. பழனிமலையின் சார்னோக்கைட் பாறை உளிக்கு எளிதில் மசியாது. மூலைகளையும் வாசல், ஜன்னல் விளிம்புகளையும் மட்டும் செதுக்கி, மற்ற இடங்களில் கரடுமுரடாகவே விடுவதால் கொத்தர்களுக்கு வேலை மிச்சம். அந்த முரட்டு முகமே இன்று அழகாகத் தெரிகிறது!

கண்ணாடிதான் பெரும்பாடு. மோட்டார் சாலை வந்தது 1910-களில். அதுவரை பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மலைப்பாதைதான். துரைமார்களே நாற்காலியில் உட்கார்ந்து கூலியாட்களின் தோளில் ஏறிப் போனார்கள். ஜன்னல் கண்ணாடி உடையாமல் மேலே சேர்ந்ததும் அந்தத் தோள்களால்தான்.

முதலில் சொன்ன மதுரை கலெக்டரின் பெயர் வியர் லெவிஞ்ச். 1863-இல் ஓடைக்குக் கரை கட்டி 24 ஹெக்டேர் ஏரியை உண்டாக்கியவர். தூத்துக்குடியிலிருந்து படகு தருவித்து அதில் மிதக்கவும் விட்டார். 1867-இல் ஓய்வு பெற்றபின் சொந்த நாட்டுக்குத் திரும்பாமல் கொடைக்கானல் பாம்பார் இல்லத்தில் தங்கிவிட்டார். யூகலிப்டஸ், பேரிக்காய், காய்கறி விதைகள் என்று வரவழைத்து நட்டுக்கொண்டிருந்தார். அதில் யூகலிப்டஸ் மட்டும் அளவுக்கு மீறிப் பெருகி, பின்னாளில் சோலைக்காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் வினையானது.