ஆசீவகரும் என் நண்பரும்

சின்னமனூரில் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் வாரம் ஒரு மாலை ஏழெட்டுப் பேர் கூடுவோம். எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். பென்ஷன், முழங்கால் வலி எல்லாம் பேசித் தீர்ந்ததும் பேச்சு கடவுள், ஆன்மா, விதி என்று போகும்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் நண்பர் ஒருவர், "எல்லாமே விதிப்படிதான் சார் நடக்குது. நம்ம கையில என்ன இருக்கு?" என்று ஆரம்பித்தார். நான் அவரை முடிக்க விடவில்லை. "அப்ப சுகர் மாத்திரை எதுக்கு சார் போடுறீங்க?" என்றேன். திண்ணையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவர் மகனைப் பறிகொடுத்தவர் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை நினைத்துத்தான் விதி என்று சொல்கிறார் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு வீட்டில் சும்மா இருந்த நாட்களில் மணிமேகலையை எடுத்துப் படித்தேன். புகாரில் இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன் இரண்டு செய்திகள் சொல்கிறான். சமயவாதிகள் முறையறிந்து பட்டிமண்டபம் ஏறலாம் என்பது ஒன்று. ஒத்துப்போகாதவர்களிடம்கூடப் பகையும் பூசலும் கொள்ளாமல் விலகிப் போங்கள் என்பது மற்றொன்று. வாதத்துக்கு மேடையும் உண்டு, வாதம் செய்பவருக்கு வரம்பும் உண்டு.

27-ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் மாதவன் வேடத்தில் போய் அளவைவாதி, சைவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி என்று ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைச் சொல்லச் சொல்கிறாள். பெரும்பாலும் கேட்டுக்கொள்வதோடு சரி. கடைசியில் வரும் பூதவாதி, கண்ணால் காண்பதே உண்மை என்கிறான். உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று மட்டும் கேட்கிறாள். அதுவும் அவன் பேசி முடித்த பிறகு.

அந்த வரிசையில் வரும் ஆசீவகர்கள்தான் என்னை நிறுத்தினார்கள். எல்லாம் நியதிப்படியே நடக்கும் என்பது அவர்கள் கொள்கை. அதாவது என் நண்பரின் கட்சி. அவர்கள் எழுதிய நூல் ஒன்றுகூட இன்று முழுமையாக நம்மிடம் இல்லை. தமிழில் அவர்களைப் பற்றி நாம் அறிவது பௌத்தரின் மணிமேகலை, சமணரின் நீலகேசி, சைவரின் சிவஞான சித்தியார் வழியாகத்தான். மூன்றும் மாற்றுச் சமயத்தார் எழுதியவை. குண்டலகேசி என்ற பௌத்த காப்பியத்தின் கதியும் அதுதான். நூல் மறைந்துவிட்டது. அதை மறுக்க எழுந்த நீலகேசியின் உரையும் அதன் சில பகுதிகளைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. அவர்களும் என்னைப் போல் பாதியில் வெட்டி நையாண்டி செய்திருந்தால் அந்தக் கொள்கைகள் இருந்த சுவடே நமக்குத் தெரிந்திருக்காது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தத்துவக் கட்டுரை என்றால் முதலில் தேஸ், பிறகு அதற்கு எதிரான ஆந்திதேஸ், முடிவில் சேந்தேஸ். நாம் மறுக்கப்போகும் கருத்தை நோஞ்சானாக எழுதினால் ஆசிரியர் மார்க்கைக் குறைத்துவிடுவார். இது ஐரோப்பியர் முறை என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரித்தார். பரபக்கத்தில் மற்றவர் கொள்கையை முதலில் எடுத்துச் சொல்லி, அதன் பிறகே மறுக்கிறார்.

நியாய நூலார் வாதத்தை மூன்றாகப் பிரித்தார்கள். உண்மையைத் தேடுவது வாதம். ஜெயிப்பதற்காகவே பேசுவது ஜல்பம். தன் கட்சி என்று எதையும் நிறுவாமல் எதிராளியை உடைப்பது மட்டுமே விதண்டை. மூன்றில் விதண்டாவாதம் என்ற சொல்தான் நம் வீடுகளில் இன்றும் புழங்குகிறது. அன்று திண்ணையில் நான் செய்தது அதுதான்.

கம்பம் போகும் வழியில் உத்தமபாளையத்தில், பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் உள்ளன. வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உண்டு. அச்சணந்தி என்ற முனிவரின் பெயர் அங்கே இருக்கிறது. ஆயிரம் வருடங்களுக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கிலும் விதியையும் வினையையும் பற்றி ஆட்கள் பேசியிருப்பார்கள். ஒரு நாள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, திரும்பும்போது நண்பர் வீட்டுக்குப் போனேன்.

"அன்னைக்கு நீங்க சொல்ல வந்ததை முழுசாச் சொல்லுங்க சார்" என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். நான் கேட்டதை என் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "இதுதானே?" என்றேன்.

"பாதிதான் சார்" என்றார். மீதியைச் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. என் கருத்து மாறவில்லை. ஆனால் எதை மறுக்கிறேன் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது அவர் திண்ணைக்கு வருகிறார். எங்களுக்குள் ஒரு வழக்கமும் வந்துவிட்டது. மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, அவர் "ஆமாம்" என்று தலையாட்டிய பிறகுதான் மறுக்கலாம். பாதி நாட்கள் மறுப்பு வரைக்கும் போவதற்குள் இருட்டிவிடுகிறது.