புள்ளி எழுத்தும் பல்கலைக்கழக வாயிலும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் செங்கற் சூளைகளாற் பெயர் பெற்ற பகுதி. 1881இல் தீயும் வெள்ளமும் நகரை அழித்தபின் கடைவீதிகள் செங்கல்லால் எழுப்பப்பட்டன. அதற்குரிய கல் இங்கே சுடப்பட்டது. இரயில்வேப் பணிக்கு வந்த தமிழர் பின்னர் இங்குக் குடியேறினர். தமிழர் வாழ்விடமாகிய இப்பகுதிக்கு மற்றொரு வரலாறும் உண்டு. அது பார்வையற்றோர் கல்வியின் வரலாறு.

மலாயாப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தோன்றிற்று. பிரிக்பீல்ட்ஸ் அதன் இருப்பிடமாயிற்று. அறத்தை நம்பி வாழ்ந்தோர்க்குத் தொழில் கற்பித்தது அதன் பெரும்பணி. பிரெயில் நூல்களை ஆக்கி வழங்குவதும் அதன் தொண்டாகும். இன்றும் இத்தெருக்களில் வெண்கோல் ஊன்றி நடப்போரையும், அவர் காலடிக்கு வழிகாட்டும் மஞ்சள் மேட்டுக்கற்களையும் காணலாம்.

அதே 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறையும் உறுதி பெற்றது. ஆறு புள்ளிகளால் அமையும் வடிவங்கள் அறுபத்து மூன்றே. தமிழெழுத்தோ 247. இவ்விடர் எளிதில் தீர்ந்தது. அச்செழுத்தில் 'கொ' என்பதன் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கும். பிரெயிலில் ககரக் குறியை அடுத்து ஒகரக் குறி வரும். மெய்யின் பின்னரே உயிர் ஒலிக்கும் என்று தொல்காப்பியம் கூறும் முறைக்கு இஃது இயைந்ததாகும். ஆகவே கற்பதற்குத் தடை எழுத்தன்று, நூற்பஞ்சமே தடை.

பல்கலைக்கழகத்தில் இப்பஞ்சம் கடுமையாகும். பள்ளிப்பாட நூல் சில. மேற்கல்விக்கு வேண்டும் நூல்களோ பல. 2008ஆம் ஆண்டு மலேசியா இயற்றிய மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் 28ஆம் பிரிவு, கட்டட வசதி, கருவி, பாடநூல், கற்பிக்கும் முறை ஆகியவற்றை அவர்க்கேற்ப அமைத்தல் அரசுக்கும் தனியார் கல்வி நிலையங்களுக்கும் கடமை என்றது. அருளாக இருந்தது உரிமையாயிற்று. ஆயினும் கடமை தவறியோர்க்கு அச்சட்டம் தண்டனை வகுக்கவில்லை.

பதிப்புரிமையும் ஒரு தடையாக இருந்தது. உரிமையாளரின் இசைவின்றியே நூல்களைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவில் ஆக்க 2013ஆம் ஆண்டின் மராக்கேஷ் உடன்படிக்கை வழிசெய்தது. 2022இல் மலேசியாவும் அதில் இணைந்தது.

எஞ்சிய பணி பெரும்பாலும் ஆசிரியர் கையில் உள்ளது. நூற்பக்கத்தைப் படமாகப் பிடித்துக் கொடுத்தால், திரையை உரக்கப் படிக்கும் கணினிக் கருவிக்கு அது வெறும் படமே. ஒருங்குறியில் தட்டெழுதிய பாடமாயின் அக்கருவி ஒலிக்கும்; பிரெயிலாகவும் மாற்றலாம். அதனையும் பருவத் தொடக்கத்திலேயே தருதல் வேண்டும். தேர்வு முடிந்தபின் கைக்கு வரும் நூலால் மாணவர்க்குப் பயனில்லை. சட்டம் திறந்த வாயிலுள் மாணவரை அழைத்துச் செல்வது, காலத்தில் கிடைக்கும் அந்த ஒரு பாடப்பகுதியே.