மிதிவண்டிக்கு ஒரு வழி

பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு மிதிவண்டி புதிய பொருளன்று. 1940-இல் விமானத் தொழிற்சாலையும், 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும் இந்நகரில் தோன்றின. சங்கொலிக்கு முன் வாயிலை அடையச் சைக்கிளை மிதித்தவருள் நம்மவரும் உண்டு.

அக்காலத்தில் தமிழ்நாட்டு நகரசபைகள் சைக்கிளுக்கு ஆண்டு வரி விதித்தன. வரி கட்டியதற்கு அடையாளமாகச் சிறு உலோக வில்லையை வண்டியில் மாட்ட வேண்டும். வில்லையில்லாமல், வசூல் செய்வோரைக் கண்டதும் சந்துக்குள் திரும்பிய கதையைப் பெரியோர் பலர் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வர். ஆயினும் அவ்வரி பொது வருவாயில் கலந்தது. மிதிவண்டிக்கெனத் தனி வழி அதனால் அமைந்ததாக நாம் கண்டதில்லை.

அதே வில்லையைக் கொண்டு பாதை போட்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் புரூக்ளின் நகரில் ஓஷன் பார்க்வே சாலையோரமாக 1894-இல் மிதிவண்டிப் பாதை திறக்கப்பட்டது. பின்னர் 1899-இல் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. மாவட்டந்தோறும் குழு அமைத்து, அரை டாலர் முதல் ஒரு டாலர் வரை பெற்றுக்கொண்டு ஆண்டு வில்லை வழங்கலாம். அப்பணம் பாதை போடவும் பழுது பார்க்கவும் மட்டுமே உரியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சில ஆண்டுகளில் சைக்கிள் மோகம் தணிந்தது. வில்லை வாங்குவோர் குறைந்தனர், பழுது பார்க்கப் பணமில்லை, பாதைகளும் மறைந்தன. பாதை போடும் செலவு ஒருமுறை வருவது, காக்கும் செலவோ ஆண்டுதோறும் வருவது என்பதை அம்மக்கள் பட்டறிந்தனர்.

நம் பெங்களூரின் அனுபவமும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. 2012-இல் ஜெயநகரில் மிதிவண்டித் தடங்கள் அமைந்தன. வண்ணக் கோட்டுக்குள் சைக்கிள் வருமுன்பே கார்கள் வந்து நின்றன! 2020-இல், நோய்த்தொற்றுக் காலத்தில், வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டு முதல் லாரி சந்திப்பு வரை சுமார் 17 கிலோமீட்டருக்குத் தடுப்புக் கம்பங்கள் நட்டுத் தனித் தடம் பிரித்தனர். அதனுள் மோட்டார் சைக்கிள்கள் புகுந்தன, கம்பங்கள் சாய்ந்தன, பின்னர் மெட்ரோ இரயில் வேலைக்குச் சாலையே தோண்டப்பட்டது. இரண்டையும் அரசுப் பணமே அமைத்தது. கம்பம் சாய்ந்த மறுநாள் அதை நிமிர்த்துவது யார் பொறுப்பு என்பது மட்டும் தெளிவாகவில்லை.

ஐதராபாத் வேறு வழியை நாடியது. அங்கே வெளிவட்டச் சாலையை ஒட்டி 23 கிலோமீட்டர்ப் பாதை 2023-இல் திறக்கப்பட்டது. அதன் கூரையே சூரிய மின்தகடுகள். வெயிலைத் தடுக்கும், மின்சாரமும் தரும். தன் செலவுக்குத் தானே சிறிது தேடிக்கொள்ளும் பாதை என்று இதனைச் சொல்லலாம். ஆனால் அது நகரின் புறத்தே கிடப்பது. உலாவுக்கு ஏற்றது, வேலைக்குச் செல்வோருக்கு அவ்வளவு உதவாது.

பெங்களூரில் 2013 முதல் நடந்த ‘சைக்கிள் தினம்’ இவற்றினும் எளியது. பேட்டைவாசிகளும் அரசுத் துறையினரும் கூடி, ஞாயிறு காலையில் ஒரு தெருவை மோட்டார் வண்டிகளுக்கு அடைத்துவிடுவர். தாரும் வேண்டா, கம்பமும் வேண்டா. சில மணி நேரம் தெரு முழுவதும் குழந்தைகளுடையது. நண்பகலுக்குள் தடுப்புகளை அகற்றிவிடுவர். ஆட்டோக்கள் திரும்பி வரும்.