உணர்வதில்லை எனக் கருதப்பட்டவர்கள்: குறைமாதக் குழந்தைகளும் புலன்களின் வரலாறும்

1880 வாக்கில் பாரிஸ் நகர மகப்பேறு மருத்துவர் ஸ்டெஃபான் தார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைப் பார்த்து, குறைமாதக் குழந்தைகளுக்கென ஒரு வெப்பப் பெட்டியைச் செய்வித்தார். 2 கிலோவுக்கும் குறைவான எடையுடன் பிறந்தோரின் இறப்பு 66 விழுக்காட்டிலிருந்து 38 விழுக்காடாகக் குறைந்ததென 1883இல் அவருடைய மாணவர் ஓவார் பதிவு செய்தார். இந்த வெற்றியே அடுத்த நூறாண்டுக்கான கேள்வியையும் வரையறுத்தது. குழந்தை பிழைக்குமா என்று மருத்துவம் கேட்டது. பெட்டிக்குள் அது எதை உணர்கிறது என்று கேட்கவில்லை.

கேட்டவர்களுக்கும் பாதகமான விடையே கிடைத்தது. 1941இல் மிர்ட்டில் மெக்ரா, பச்சிளம் குழந்தைகளை ஊசிமுனையால் தொட்டு அவற்றின் எதிர்வினைகளை ஆராய்ந்தார். அத்தகைய ஆய்வுகளிலிருந்து, முதிராத நரம்பு மண்டலம் வலியை உணராது என்னும் நம்பிக்கை வலுப்பெற்றது. 1980கள் வரையிலும் பல மருத்துவமனைகளில் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தும் சிறிதளவு மயக்கவாயுவும் மட்டுமே கொடுத்துக் குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. குழந்தை அசையவில்லை, ஆகவே அதற்கு வலியில்லை என்று கொள்ளப்பட்டது.

இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்ஃபோர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த், 1987இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு இந்நம்பிக்கையை உடைத்தது. ஃபென்டனைல் என்னும் வலிநீக்கி பெறாத குழந்தைகளின் இரத்தத்தில் அழுத்தச் சுரப்புகள் பெருகின. அறுவைக்குப் பின்னான சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம் நேர்ந்தன. உடல் அசையாதபோதும் இரத்தம் சாட்சி சொன்னது.

இதே காலத்தில் வேறொரு சிந்தனையும் வளர்ந்தது. புலன்செய்திகளை மூளை ஒருங்கிணைக்கும் விதத்தை ஏ. ஜீன் அயர்ஸ் 1972இல் நூலாக விரித்துரைத்திருந்தார். 1982இல் ஹைடெலிசே ஆல்ஸ், குறைமாதக் குழந்தையின் நடத்தையையே ஒரு மொழியாக வாசிக்க முற்பட்டார். விரல்களை விறைத்து விரிப்பது, விக்கல், தோலின் நிறமாற்றம், முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகியன தாங்கவியலாமையின் அறிகுறிகள். கையை வாய்க்குக் கொண்டுசெல்வதும் காலை எதன்மீதாவது ஊன்றுவதும் தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் முயற்சிகள்.

கருவறையில் தொடுவுணர்வு முதலிலும் பார்வை இறுதியிலும் முதிர்கின்றன. 28 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு இந்த வரிசை குலைகிறது. கண் முதிருமுன் விளக்கொளி. நீரின் மெத்தென்ற அழுத்தத்திற்குப் பதிலாக ஒட்டுப்பட்டையும் ஊசியும். இதயத்துடிப்பின் தாளத்திற்குப் பதிலாகக் கருவிகளின் எச்சரிக்கை ஒலி.

பிற்காலத்தில் இத்தகைய குழந்தைகளிடம் புலன்சார் இடர்ப்பாடுகள் கூடுதலாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்துவது, சட்டைப் பட்டியின் உறுத்தலைத் தாங்காமல் அழுவது ஒருபுறம். பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமலிருப்பது மறுபுறம். குறைமாதத்தில் பிறந்த எல்லாருக்கும் இது நேர்வதில்லை. மூளைக்காயம், குடும்பச் சூழல் போன்ற காரணங்களும் இதில் உண்டு. பழியைச் சிகிச்சைப் பிரிவின்மீது மட்டும் சுமத்த இயலாது. ஆனால் அக்குழந்தையின் நடத்தையைப் 'பிடிவாதம்' என்றழைப்பது, அசையாமையை வலியின்மை என்று வாசித்த பழைய பிழையின் தொடர்ச்சியே.

மாற்று வழியொன்று பற்றாக்குறையிலிருந்து பிறந்தது. 1978இல் பொகோட்டாவில் இன்குபேட்டர்கள் போதாத நிலையில், எட்கர் ரே குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கச் செய்தார். அந்நகரில் இம்முறையில் வளர்ந்தோரை 20 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, ஒப்பீட்டுக் குழுவினரைவிட அவர்களிடம் மிகையியக்கமும் முரட்டுத்தனமும் குறைவாக இருந்தன. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கினால் இறப்பு 25 விழுக்காடு குறைவதைக் காட்டியது. பிழைப்பதற்கும் உணர்வதற்கும் தனித்தனி மருத்துவம் தேவையில்லை என்பதற்கு இதுவே சான்று.

உலகிலேயே அதிகமாக, ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் குழந்தைகள் இந்தியாவில் குறைமாதத்தில் பிறக்கின்றனர். பிறப்பு முதல் 18 வயது வரையிலான வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிய 2013இல் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆயினும் எத்தனை வாரத்தில் பிறந்தது என்னும் செய்தி, மருத்துவமனைக் கோப்பிலிருந்து வகுப்பறைக்கு வந்து சேர்வது அரிது. காதைப் பொத்திக்கொண்டு அழும் ஐந்து வயதுக் குழந்தையைக் கண்டிக்குமுன் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டிய முதல் செய்தி அதுவே.