அரசாங்க சபை புகுந்த தமிழ்ப் பெண்மணி



தம் மக்களுக்காகச் சபையேறிப் பேச விழைவோர்க்குக் கல்வியும் செல்வமும் மட்டும் போதா. 'பேசும் உரிமை எனக்கும் உண்டு' என்னும் நெஞ்சுறுதியும் வேண்டும். இலங்கைப் பெண்களுக்கு அவ்வுறுதி வாய்த்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1927 ஆம் ஆண்டில் டொனமூர் ஆணைக்குழுவினர் இந்நாட்டுக்கு வந்தனர். அவ்வாண்டிலேயே கொழும்பிற் பெண்கள் வாக்குரிமைச் சங்கமும் தோன்றிற்று. பெண்களுக்கு வாக்குரிமை ஆகாது என்றோர் பலர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் அவருள் ஒருவர். பெரியோர் மறுத்தபோதும் சங்கத்தார் அஞ்சாது ஆணைக்குழுவின்முன் சாட்சியமளித்தனர். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என்ற வினா எழுந்தபோது, அவர்களும் பெண்களே, அவர்களுக்கும் வேண்டும் என விடையிறுத்தார் அக்னஸ் டி சில்வா அம்மையார்.

முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்களிக்கலாம் என ஆணைக்குழு கருதிற்று. முடிவில், 21 வயது நிரம்பிய இருபாலார்க்கும் அவ்வுரிமை கிடைத்தது. ஆயினும், தோட்டத் தொழிலாளர்க்கு வதிவு முதலிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன.

1931 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே பெண் எவரும் தெரிவாகவில்லை. அவ்வாண்டு நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில், தந்தையார் மறைந்தமையால் வெற்றிடமான ருவான்வெல்லைத் தொகுதியிலே அடலின் மொலமூரே வென்றார். அடுத்த ஆண்டு, தேர்தல் மனுவினாற் கணவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து இழந்த வட கொழும்புத் தொகுதியில் நேசம் சரவணமுத்து நின்று வென்றார். அரசாங்க சபையில் அமர்ந்த முதல் தமிழ்ப் பெண்மணி இவரே. யாழ்ப்பாணப் பகுதியின் நான்கு தொகுதிகள் தேர்தற் பகிஷ்காரத்தால் அந்நாளில் வெறுமையாயிருந்தன என்பதும் நினைவிற்குரியது.

கணவரின் இடத்தை நிரப்பவே மனைவி வந்தார் என்று சொல்வாரும் இருக்கக்கூடும். அதற்கு 1936 ஆம் ஆண்டு விடை தந்தது. பல இனத்தவரும் சமயத்தவரும் வாழும் அத்தொகுதி மக்கள் பொதுத் தேர்தலிலும் அவரையே தெரிந்தனர். 1941 இல் இறக்கும்வரை அவர் உறுப்பினராயிருந்தார். முதல் முறை வாயில் திறந்தது குடும்பப் பெயராயினும், மறுமுறை அவரை அனுப்பியது மக்களின் நம்பிக்கை.

அக்னஸ் அம்மையார் யாருக்காக வாதாடினாரோ, அத்தோட்டப் பெண்களின் வழி நீண்டது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்தம் சமூகத்தாருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர், வாக்கும் பறிபோயிற்று. 2024 ஆம் ஆண்டிலேயே பதுளையிலும் நுவரெலியாவிலும் மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாகப் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர்.

துணிவு ஒருவர் உள்ளத்தில் மட்டும் தானே முளைப்பதன்று. 'அவர்களுக்கும் வேண்டும்' என்று முன்னொருவர் சொல்லிவைத்த சொல், பின்வருவோர்க்குப் படியாகின்றது. நமக்காக மட்டுமன்றிப் பிறர்க்காகவும் அச்சொல்லைச் சொல்வோமாக.