வீட்டை விற்க முகவரை நாடுகிறீர்களா? கையெழுத்திடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

வாசல் கம்பிக் கதவில் மூன்று முகவர்களின் பலகைகள் தொங்குகின்றன. இணைய விளம்பரங்களில் அதே வீடு மூன்று விலைகளில் வருகிறது. முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை ஆட்களை அழைத்து வந்த முகவர், இப்போது அழைத்தால் தொலைபேசியை எடுப்பதில்லை. புலனத்தில் அனுப்பிய செய்தியைப் பார்த்ததற்கான நீலக்குறி மட்டும் விழுகிறது. எட்டு மாதம் கழித்து ஒருநாள், "அங்கிள், விலையை இன்னும் முப்பதாயிரம் குறைச்சா வாங்குறதுக்கு ஆள் இருக்கு" என்று ஓர் அழைப்பு வருகிறது.

நம் தாமான்களில் பழகிப்போன காட்சி இது. தோட்டத்தை விட்டு வெளியேறிய தலைமுறை, சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் சேர்த்து வாங்கிய வீடுகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. பெற்றோரின் மருத்துவச் செலவு, பிள்ளைகளுக்குள் பங்கு, வேறு ஊருக்கு மாற்றம் எனக் காரணங்கள் பல. பல குடும்பங்களுக்கு அந்த வீடு ஒன்றுதான் சொத்து. அதனால் அதன் விற்பனையில் ஏற்படும் ஒவ்வொரு தாமதமும் இழப்பும் நேரடியாகக் குடும்பத்தின் மேல் விழுகிறது.

முகவர்களால் ஏற்படும் மனக்கசப்புகளில் பெரும்பகுதி, தொடக்கத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டியவை வாய்ப்பேச்சில் விடப்படுவதால் வருகிறது. எதை எழுத்தில் கேட்க வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முகவர் யார் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

மலேசியாவில் பிறருடைய வீட்டை விற்றுக் கொடுத்து அதற்குக் கட்டணம் வாங்கும் தொழில், 1981ஆம் ஆண்டின் 242ஆவது சட்டத்தின் கீழ் வருகிறது. எல்.பி.இ.பி.எச். என்று சுருக்கமாக அழைக்கப்படும் வாரியம் இதைக் கண்காணிக்கிறது. இத்தொழிலில் இரண்டு வகையினர் உண்டு. ஆர்.இ.ஏ. எனப்படுபவர் தேர்வெழுதி வாரியத்தில் பதிவு பெற்ற முகவர். ஆர்.இ.என். எனப்படுபவர் பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றின் கீழ் பணியாற்றும் விற்பனைப் பிரதிநிதி. நம் வீட்டுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகையினரே.

ஆர்.இ.என். ஒவ்வொருவருக்கும் படம், எண், நிறுவனத்தின் பெயர் கொண்ட சிவப்பு அடையாள அட்டை உண்டு. அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. அந்த எண்ணை வாரியத்தின் அகப்பக்கத்தில் நீங்களே சரிபார்க்கலாம். ஒரு பிரதிநிதி ஒரே நேரத்தில் ஒரு நிறுவனத்தின் கீழ் மட்டுமே இருக்க முடியும். அட்டையில் ஒரு நிறுவனமும் பலகையில் வேறொரு நிறுவனமும் இருந்தால் விளக்கம் கேளுங்கள்.

பதிவு இல்லாமல் இத்தொழிலைச் செய்வது குற்றம். சொந்தக்காரர், கோயிலில் பழக்கமானவர், தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்தவர் என்பதற்காக இதை விட்டுக்கொடுக்க வேண்டாம். பதிவு இல்லாதவர் பணத்தோடு காணாமல் போனால் வாரியத்தால் அவருடைய பதிவை ரத்து செய்ய முடியாது, ரத்து செய்ய அவரிடம் பதிவே இல்லை. காவல்துறையில் புகார் செய்வதுதான் மிஞ்சும்.

சொந்த வீட்டைச் சொந்தக்காரரே விற்பதற்கு முகவர் தேவையில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரோ உறவினரோ வாங்கத் தயாராக இருந்தால் நேராக வழக்கறிஞரிடம் போகலாம்.

நியமனக் கடிதம்: ஒருவரா, பலரா?

முகவருக்கு நீங்கள் தரும் நியமனம் எழுத்தில் இருக்க வேண்டும். இது இரண்டு வகைப்படும். ஒரே நிறுவனத்துக்கு மட்டும் தருவது தனி நியமனம். பல நிறுவனங்களுக்குத் தருவது பொது நியமனம்.

பலரிடம் கொடுத்தால் சீக்கிரம் விற்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் யாராவது ஒருவருக்குத்தான் கட்டணம் கிடைக்கும் என்பதால், எவருமே விளம்பரத்துக்கு அதிகம் செலவிட மாட்டார்கள். அதோடு, ஒரே வீடு பல விலைகளில் வெளிவரும்போது, 'வீட்டுக்காரர் அவசரத்தில் இருக்கிறார்' என்று வாங்க வருபவர் புரிந்துகொள்கிறார். குறைந்த விலையிலிருந்துதான் அவர் பேரத்தைத் தொடங்குவார்.

தனி நியமனத்தில் முகவருக்கு அக்கறை கூடும். ஆனால் அவர் வேலை செய்யாவிட்டால் நீங்கள் கட்டுண்டு கிடப்பீர்கள். ஆகவே காலக்கெடுவைக் கவனியுங்கள். மூன்று மாதம் போதுமானது. 'தானாகவே நீட்டிக்கப்படும்' என்ற வரி இருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். கடிதத்தில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்:

விளம்பரத்தில் போட வேண்டிய விலை. உங்கள் சம்மதமின்றி அதை மாற்றக் கூடாது என்ற வரி. கட்டண விகிதமும் அது எப்போது கொடுபடும் என்பதும். நியமனக் காலம் முடிந்த பிறகு, முகவர் முன்பு காட்டிய ஒருவர் வாங்கினால் கட்டணம் உண்டா, எத்தனை மாதம் வரை உண்டு என்பது. நியமனத்தை நீங்கள் ரத்து செய்வதற்கான வழி. கடைசியாக, நிறுவனத்தின் பெயரும் பதிவு எண்ணும்.

வீட்டைப் பார்க்க யார் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புலனத்திலாவது எழுதி அனுப்பும்படி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். 'முகவர் அழைப்பதே இல்லை' என்ற மனக்குறைக்கு இதுவே எளிய மருந்து.

விலை: ஆசை காட்டி வாங்குவது

வீட்டை விற்கும் வேலையைப் பெறுவதற்காகச் சிலர் உயர்ந்த விலை சொல்வார்கள். கையெழுத்தான பிறகு, 'சந்தை மந்தமாக இருக்கிறது' என்று மாதாமாதம் குறைக்கச் சொல்வார்கள். இதைத் தவிர்க்க, உங்கள் தாமானில் அண்மையில் உண்மையாகவே விற்கப்பட்ட விலைகளைக் கேளுங்கள். விளம்பரங்களில் இருப்பது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. விற்பனைப் பதிவுகளைச் சொத்து மதிப்பீட்டுத் துறையின் கீழ் இயங்கும் நாப்பிக் எனப்படும் தேசியச் சொத்துத் தகவல் மையம் வெளியிடுகிறது. சந்தேகம் இருந்தால், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் கட்டணம் கொடுத்து மதிப்பிடச் சொல்லலாம்.

வங்கியின் மதிப்பீடும் முக்கியம். நீங்கள் கேட்கும் விலையைவிட வங்கி குறைவாக மதிப்பிட்டால், அந்த இடைவெளியை வாங்குபவர் ரொக்கமாகப் போட வேண்டும். பல விற்பனைகள் இந்த இடத்தில்தான் முறிகின்றன. வாங்குபவர் வங்கியில் பேசிப் பார்த்தாரா என்று முகவரிடம் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

கட்டணம் எவ்வளவு?

வீட்டு விற்பனைக்கு முகவர் நிறுவனம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் விற்பனை விலையில் 3 விழுக்காடு. இது உச்சவரம்பு மட்டுமே. இதைவிடக் குறைத்துப் பேச உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் முகவரும் வாங்குபவரைக் கொண்டுவந்த முகவரும் வேறு வேறாக இருந்தாலும், அந்தத் தொகையை அவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் இரண்டு முறை கொடுக்க வேண்டியதில்லை. இதற்கு மேல் சேவை வரி சேரும். 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடு.

உதாரணத்துக்கு, 350,000 ரிங்கிட்டுக்கு ஓர் ஒற்றை மாடித் தெரஸ் வீடு விற்கப்படுகிறது என்று கொள்வோம். 3 விழுக்காடு என்றால் கட்டணம் 10,500 ரிங்கிட். சேவை வரி 840 ரிங்கிட். மொத்தம் 11,340 ரிங்கிட். இதை நிறுவனத்தின் பெயருக்கே செலுத்த வேண்டும். பிரதிநிதியின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 'உங்களுக்கு இவ்வளவு, அதற்கு மேல் வருவது எனக்கு' என்ற பேச்சுக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

முன்பணமும் ஓஃபர் கடிதமும்

வாங்குபவர் கிடைத்ததும் 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் கொடுத்து ஓஃபர் கடிதத்தில் கையெழுத்திடுவது வழக்கம். அந்தப் பணம் முகவர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் இருக்க வேண்டும். பிறகு பெரும்பாலும் 14 நாள்களுக்குள் விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும். அப்போது முன்பணத்தையும் சேர்த்து 10 விழுக்காடு கட்டப்படும்.

ஓஃபர் கடிதத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படுமா? அவர் காரணமின்றி விலகினால் அந்தப் பணம் யாருக்கு? நீங்கள் விலகினால் எவ்வளவு கொடுக்க வேண்டும்? விலகியவரின் முன்பணத்தில் பாதியை முகவர் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்று சில படிவங்களில் அச்சிடப்பட்டிருக்கும். படிக்காமல் கையெழுத்திட்டவர்கள் பிறகு ஆத்திரப்படுவது இதற்காகத்தான்.

'இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள், நாளைக்கு ஆள் போய்விடுவார்' என்று அவசரப்படுத்தினால், கடிதத்தைப் படமெடுத்துப் பிள்ளைகளுக்கோ வழக்கறிஞருக்கோ அனுப்பிவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். அசல் கெரானை முகவரிடம் கொடுக்காதீர்கள். உங்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரத்தையும் முகவருக்கு எழுதித் தராதீர்கள். வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீடுகளில் இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

விலையை ஏற்றி எழுதும் வலை

350,000 ரிங்கிட்டுக்குப் பேசிய வீட்டை, ஒப்பந்தத்தில் 400,000 என்று எழுதலாம் என்று சிலர் சொல்வார்கள். வாங்குபவருக்குக் கூடுதல் கடன் கிடைக்கும், உங்களுக்கு நட்டமில்லை என்பார்கள். இதைத்தான் 'மார்க் அப்' என்கிறார்கள். இது வங்கியிடம் பொய்யான விலையைக் காட்டுவது. ஒப்பந்தத்தில் கையெழுத்து உங்களுடையது என்பதால் விசாரணை வந்தால் நீங்களும் பதில் சொல்ல வேண்டும். வராத இலாபத்துக்கு வரிக் கணக்கும் உங்கள் பெயரில் எழும். மறுப்பதே பாதுகாப்பு.

முகவர் கையில் இல்லாத தாமதங்கள்

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு மீதி 90 விழுக்காடு வருவதற்குப் பொதுவாக மூன்று மாதமும், வட்டியோடு கூடிய ஒரு மாத நீட்டிப்பும் தரப்படும். இந்தக் காத்திருப்புக்கு முகவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முன்பே நீங்கள் சரிபார்க்க வேண்டியவை உள்ளன.

குத்தகை நிலமாக இருந்தாலோ கெரானில் 'செக்காத்தான்' எனும் கட்டுப்பாடு இருந்தாலோ மாநில அரசின் அனுமதி வேண்டும். குறைந்த விலை வீடுகளில் இது அதிகம். அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். அடுக்குமாடி வீட்டுக்குத் தனிக் கெரான் வெளியாகவில்லை என்றால் மேம்பாட்டு நிறுவனத்தின் உறுதிக்கடிதம் தேவைப்படும்.

நம் குடும்பங்களில் அதிகம் நடப்பது வேறொன்று. அப்பா இறந்து பத்தாண்டு ஆகியும் கெரான் அவர் பெயரிலேயே இருக்கும். வாரிசுகள் நில அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ உரிய ஆணையைப் பெறாமல் வீட்டை விற்க முடியாது. வாங்குபவர் வந்த பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் அவர் காத்திருக்க மாட்டார். முகவரை அழைப்பதற்கு முன்பே இதை முடியுங்கள்.

நிலவரி, மதிப்பீட்டு வரி, பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம், இண்டா வாட்டர் நிலுவைகளையும் முன்கூட்டியே பாருங்கள். வங்கிக் கடன் மீதம் இருந்தால் அது எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். வாங்குபவரின் வழக்கறிஞர் அவருடைய நலனைத்தான் பார்ப்பார். உங்களுக்கென்று தனி வழக்கறிஞர் வைப்பது வீண் செலவல்ல.

கைக்கு வருவது எவ்வளவு?

ஆர்.பி.ஜி.டி. எனப்படும் சொத்து இலாப வரி, வாங்கிய மூன்று ஆண்டுக்குள் விற்கும் குடிமக்களுக்கு இலாபத்தில் 30 விழுக்காடு. நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு. 2022 முதல், ஆறாம் ஆண்டிலிருந்து விற்பவர்களுக்கு வரி இல்லை. குடியிருக்கும் வீட்டுக்கு ஆயுளில் ஒருமுறை விலக்கும் உண்டு. முகவர் கட்டணத்தையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் இலாபக் கணக்கில் செலவாகக் கழிக்கலாம். எனவே ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வாரிசுச் சொத்துக்குக் கணக்கு மாறும். அதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குடிமகன் விற்கும்போது, விலையில் 3 விழுக்காட்டை வாங்குபவர் தரப்பு பிடித்து வருமான வரி வாரியத்துக்குக் கட்டுவது நடைமுறை. வரியே இல்லாத விற்பனை என்றால் இந்தப் பிடித்தத்தைத் தவிர்க்க முடியுமா என்று ஒப்பந்தத்துக்கு முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

முன்சொன்ன உதாரணத்தில் 10 விழுக்காடு என்பது 35,000 ரிங்கிட். அதில் பிடித்தம் 10,500, முகவர் கட்டணமும் வரியும் 11,340. அப்போது கையில் நிற்பது 13,160 ரிங்கிட் மட்டுமே. முதல் தவணையை நம்பி வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

குறை இருந்தால் எங்கே போவது?

முதலில் பிரதிநிதியின் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரியப்படுத்துங்கள். அவருக்குப் பொறுப்பு அந்த நிறுவனத்தின் பதிவு பெற்ற முகவர். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வாரியத்தில் புகார் செய்யலாம். நியமனக் கடிதம், ஓஃபர் கடிதம், ரசீது, புலனச் செய்திகள், விளம்பரத்தின் படம் ஆகியவற்றை இணையுங்கள். பணம் காணாமல் போயிருந்தால் தாமதிக்காமல் காவல்துறையில் புகார் செய்யுங்கள்.

புகாரின் பலம் கையிலிருக்கும் ஆவணங்களில்தான் இருக்கிறது. ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு திறந்து, கையெழுத்திடும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகல் வாங்கி அதில் வையுங்கள். நகல் தர மறுக்கும் முகவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டாம்.